ஆண்ட பரம்பரையும் செக்ரோல் பரம்பரையும்

‘நாம ஆண்ட பரம்பரை’ என்று யாராவது மைக்கைப் பிடித்தால் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வரும். எல்லாருடைய முப்பாட்டனும் ஆண்டிருந்தால், ஆளப்பட்டது யாருடைய முப்பாட்டன்? வரி கட்டியது யார்? கல் சுமந்தது யார்? இந்தக் கேள்விக்கு இதுவரை எந்த மேடையிலும் பதில் வந்ததில்லை. கைதட்டல்தான் வரும்.

பஹ்ரைனில் குடும்பத்தோடு இருக்கும் தமிழர்களுக்கு நான் சொல்வது புரியும். பொங்கல் விழாவோ சித்திரை விழாவோ, எது வந்தாலும் மாறுவேடப் போட்டி உண்டு. பத்துப் பிள்ளைகள் ஏறினால் அதில் ஏழு ராஜா. அட்டைக் கிரீடம், ஜிகினா வாள், கண்மை மீசை. அது பரவாயில்லை, பிள்ளைகள் விளையாட்டு. அதற்குப் பிறகு சிறப்புரை ஆற்ற வரும் பெரியவர்கள் மாட்டிக்கொள்ளும் கிரீடத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முன்பெல்லாம் ராஜராஜனோடு நிறுத்திக்கொள்வார்கள். இப்போது சுமேரியாவுக்கே கப்பல் விட்டாயிற்று. “உலகத்தின் முதல் ராஜா சுமேரியாவில். சுமேரியர் பேசியது தமிழ். ஆகவே உலகத்தின் முதல் ராஜா தமிழன்.” மூன்றே வரி, கணக்கு டேலி. பி.காம் முதல் வருடத்தில் நான் இப்படி ஒரு டிரையல் பேலன்ஸ் போட்டிருந்தால் எங்கள் வாத்தியார் பேப்பரை முகத்தில் எறிந்திருப்பார்.

நான் சரித்திரம் படித்தவன் இல்லை. படித்தது வணிகவியல், பிழைப்பு வங்கி. இருபது வருடமாக அடுத்தவர் கணக்கைப் பார்ப்பதுதான் வேலை. அதனால் ராஜாக்களையும் அப்படியே பார்க்கிறேன். கிரீடத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, லெட்ஜரைக் கொண்டுவா என்கிறேன். அவ்வளவுதான் என் தகுதி.

முதலில் சுமேரியா. நாம் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் இந்தத் தீவுதான் சுமேரியர் எழுத்தில் வரும் தில்முன் என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட விஷயம். லகாஷ் என்ற சுமேரிய நகரத்தின் ராஜா ஊர்-நான்ஷே, தில்முன் கப்பல்கள் தனக்கு மரம் கொண்டுவந்ததாக எழுதி வைத்திருக்கிறான். இங்கே ஆலி பக்கம் போனால் வீடுகளுக்கும் குயவர் பட்டறைகளுக்கும் நடுவே குன்று குன்றாக நிற்கிறதே, அவை தில்முன் காலத்துக் கல்லறைகள். 2019-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. மொத்தம் 11,774 மேடுகள். அதில் ராஜாக்களுடையவை என்று பிரித்திருப்பது 17. மிச்சம் 11,757 பேர் யார்? சிறப்புரைக்காரர்கள் தேடிப்போவது அந்தப் பதினேழைத்தான். எனக்கு மற்றவர்கள் மேல்தான் அக்கறை.

‘சுமேரிய அரசர் பட்டியல்’ என்று ஒன்று உண்டு. களிமண்ணில் எழுதியது. அதன் பிரதிகளில் நன்றாக மிஞ்சியிருப்பது ஆக்ஸ்ஃபோர்டில் ஆஷ்மோலியன் மியூசியத்தில் இருக்கிறது, சுமார் கி.மு. 1800-ஐச் சேர்ந்தது. அரசாட்சி வானத்தில் இருந்து எரிது என்ற ஊரில் இறங்கியது என்று அது ஆரம்பிக்கிறது. முதல் ராஜா அலுலிம் ஆண்டது 28,800 வருடம். பெரு வெள்ளத்துக்கு முன்னால் ஐந்து ஊர்களில் எட்டு ராஜாக்கள், மொத்தம் 2,41,200 வருடம். கில்கமேஷ் பாவம், 126 வருடம்தான். வெள்ளத்துக்குப் பிறகு சர்வீஸைக் குறைத்துவிட்டார்கள் போல.

சிரிப்பை விடுங்கள். இந்தப் பட்டியலில் இரண்டு வேலைகள் நடந்திருக்கின்றன. ஒன்று, ஒரே காலத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களை ஆண்டவர்களை ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். எந்த நேரத்திலும் நாட்டுக்கு ஒரே ராஜாதான் இருந்தான் என்று காட்ட வேண்டும், அதற்காக. இரண்டு, பிடிக்காத ஊரையே விட்டுவிட்டார்கள். மேலே சொன்ன லகாஷ் பெரிய ஊர். அதன் ராஜாக்களின் சொந்தக் கல்வெட்டுகள் நம் கையில் இருக்கின்றன. பட்டியலில் அந்த ஊர் கிடையாது! வங்கிக்காரர்கள் இதை விண்டோ டிரெஸ்ஸிங் என்போம். மார்ச் 31-ஆம் தேதி பேலன்ஸ் ஷீட் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிலதை முன்னால் தள்ளுவது, சிலதைக் கண்ணில் படாமல் வைப்பது. நாலாயிரம் வருடத்துக்கு முன்பே அந்தக் கலை முற்றிவிட்டது.

நம் ஊர் மட்டும் என்னவாம்? இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு சோழ வம்சத்தைச் சூரியனில் இருந்து ஆரம்பிக்கிறது. பாண்டியர்களின் வேள்விக்குடிச் செப்பேடு, சுமார் கி.பி. 770, இன்னும் சுவாரசியம். அது அடிப்படையில் ஒரு நில வழக்கு. பழைய பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி எங்கள் முன்னோருக்குக் கொடுத்த ஊர், களப்பிரர் காலத்தில் பறிபோய்விட்டது, திருப்பிக் கொடு என்று ஒருவர் முறையிடுகிறார். பழமையை நிரூபி என்கிறான் ராஜா நெடுஞ்சடையன். அவர் நிரூபிக்கிறார், ஊர் கிடைக்கிறது. அந்தப் பத்திரத்தோடுதான் பாண்டிய வம்சப் புகழும் நமக்குக் கிடைக்கிறது. வம்சாவளி என்பது பெரும்பாலும் ஏதோ ஒரு சொத்துக்காக எழுதப்பட்டது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது இதைப் படித்த பிறகுதான்.

மொழிக்கு வருவோம். சுமேரியம் எந்த மொழிக் குடும்பத்தோடும் உறவு நிரூபிக்கப்படாத தனிமொழி என்பதுதான் மொழியியலாளர்கள் பெருவாரியாக ஏற்கும் நிலை. திராவிட உறவு சொன்னவர்கள் உண்டு. ஹங்கேரிக்காரர்கள் தங்கள் மொழி என்றார்கள். துருக்கிக்காரர்கள் தங்கள் மொழி என்றார்கள், 1933-ல் ஓர் அரசு வங்கிக்கே ‘சுமேர்பேங்க்’ என்று பெயர் வைத்தார்கள். ஆக அந்த வரிசையில் நாம் கடைசியாகப் போய் நிற்கிறோம். சரி, ஒரு பேச்சுக்கு அவர்கள் தமிழர் என்றே வைத்துக்கொள்வோம். அந்த ராஜாக்களிடம் நாம் பெருமைப்பட என்ன இருக்கிறது?

ஊர் நகரத்து அரச கல்லறைகளை லெனார்டு வூலி 1922-க்கும் 1934-க்கும் இடையில் தோண்டினார். ஒரு குழியில் மட்டும் 74 எலும்புக்கூடுகள். அதில் 68 பெண்கள். ராஜ குடும்பத்தில் ஒருவர் செத்ததற்குக் கூடவே அனுப்பப்பட்டவர்கள். தலையில் பொன் இலை அலங்காரம் எல்லாம் உண்டு, பெயர் மட்டும் இல்லை.

பிற்காலத்து ஊர் ராஜ்ஜியத்தின் ரேஷன் கணக்குகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பொதுவாக ஆணாளுக்கு மாதம் 60 சிலா பார்லி, பெண்ணாளுக்கு 30 சிலா. ஒரு சிலா ஏறக்குறைய ஒரு லிட்டர். இதைப் படித்தபோது எனக்குச் சுமேரியா ஞாபகம் வரவில்லை. சூரியநெல்லியில் எங்கள் எஸ்டேட் பெரட்டுக்களம்தான் ஞாபகம் வந்தது. பெண்ணாளுக்கு ஒரு கூலி, ஆணாளுக்கு ஒரு கூலி என்பது 1976-ல் சம ஊதியச் சட்டம் வருகிறவரை தோட்டங்களில் சாதாரணம். என் அப்பத்தா கொழுந்து எடுத்தது அந்தக் கணக்கில்தான்.

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். ஆண்ட பரம்பரை பேசுகிறவர்களுக்கு நான் காட்டும் ஒரே சாட்சி அங்கேதான் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் உண்மையிலேயே ஒரு பாண்டிய ராஜா இருந்தார். பூஞ்ஞார் ராஜா. மதுரையில் இருந்து மலை தாண்டி வந்த பாண்டிய வம்சம் என்பது அவர்கள் குடும்ப மரபு. பூஞ்ஞாரில் மீனாட்சி கோயில் உண்டு. கேரளத்தில் விளையாட்டுத் துறையை வளர்த்த ஜி.வி. ராஜா அந்தக் குடும்பத்தவர்தான். மூணாறைச் சுற்றிய மலைகள் அவர்கள் வசம் இருந்தன. சிறப்புரைக்காரர்கள் கேட்கும் எல்லாத் தகுதியும் இருக்கிறதல்லவா? தமிழ் வேர், பாண்டிய ரத்தம், மீனாட்சி. இப்போது லெட்ஜர்.

1877 ஜூலை 11. பூஞ்ஞார் வலிய ராஜா, ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்குக் கண்ணன் தேவன் அஞ்சநாட்டு மலையை எழுதிக் கொடுக்கிறார். கைக்குக் கிடைத்தது 5,000 ரூபாய். ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய். பரப்பு சுமார் 227 சதுர மைல். வங்கிக்காரன் கை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். ஒரு சதுர மைலுக்கு 640 ஏக்கர். 227 சதுர மைலுக்கு 1,45,280 ஏக்கர். 3,000 ரூபாய் என்றால் 48,000 அணா. ஆக ஏக்கருக்கு வருடத்துக்கு ஓர் அணாவில் மூன்றில் ஒரு பங்கு!

இதில் அந்த ராஜாவைத் தனியாகத் திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து ராஜாக்கள் செய்ததைத்தான் அவரும் செய்தார். ஆனால் அந்தப் பத்திரத்தில் யாரைக் கேட்கவில்லை என்று பாருங்கள். அந்த மலையிலேயே வாழ்ந்த முதுவான்களைக் கேட்கவில்லை. அவர்களும் மதுரைக் கதைதான் சொல்கிறார்கள். மதுரையை விட்டு வரும்போது மீனாட்சியை முதுகில் சுமந்து வந்ததால் முதுவான் என்று பெயர் வந்ததாம். ஒரே மீனாட்சி. முதுகில் சுமந்தவனுக்குக் காடு, எழுதிக் கொடுத்தவனுக்கு அரண்மனை. கண்ணன் தேவன் என்ற பெயரே ஒரு ஊர்த்தலைவர் பெயரில் இருந்து வந்ததாக ஒரு கதை உண்டு. அவருக்கு மிஞ்சியது டீத்தூள் பாக்கெட்டில் ஒரு பெயர்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருவிதாங்கூர் அந்தப் பத்திரத்தை 1878-ல் ஒப்புக்கொண்டது. 1899-ல் பூஞ்ஞாரின் அரசுரிமையையே எடுத்துக்கொண்டது. 1971-ல் கேரள சட்டசபை கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டம் கொண்டுவந்தது, 1972-ல் சுப்ரீம் கோர்ட் அது செல்லும் என்றது. ஒவ்வொரு முறையும் நிலம் கை மாறியது. கொழுந்து எடுத்த கை மட்டும் மாறவில்லை.

அந்தக் கை நம்முடையது. போடி, தேவாரம், கம்பம், திருநெல்வேலிச் சீமை என்று பல ஊர்களில் இருந்து கங்காணிகள் ஆள் பிடித்து ஏற்றியது நம் பாட்டன் பூட்டன்களை. என் தாத்தா போடிமெட்டு ஏறி நடந்தே வந்தவர். எங்கள் பரம்பரை அரசர் பட்டியலில் இல்லை, செப்பேட்டில் இல்லை. எஸ்டேட் ஆபீஸ் செக்ரோலில் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், எத்தனை நாள் பெரட்டுக்கு வந்தார், எத்தனை கிலோ கொழுந்து, எவ்வளவு முன்பணம் பிடித்தம். முப்பது நாற்பது வருடம் வேலை செய்துவிட்டு ரிட்டையர் ஆனால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். நாலு தலைமுறை உழைத்த மலையில் எத்தனை பேருக்குச் சொந்தமாக அஞ்சு சென்ட் இருக்கிறது, உங்கள் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். இவர்களுடைய பேரப்பிள்ளைகள் நாம். நாம் அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு ‘ஆண்ட பரம்பரை’ என்கிறோம்!

இது வெறும் வாய்ப்பேச்சு, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நஷ்டம் இருக்கிறது. சொல்கிறேன்.

இடுக்கியில் தோட்டத் தமிழர்களின் பிள்ளைகள் ஜாதிச் சான்றிதழ் வாங்கப் போகும்போது, 1950-க்கு முன்பே உன் குடும்பம் இங்கே இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். அது இல்லாவிட்டால் படிப்பில் இட ஒதுக்கீடு போச்சு, வேலை போச்சு. எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு இப்படி ஆனது. பிளஸ் டூவில் நல்ல மார்க். ஒரு அலுவலகத்தில் இருந்து இன்னொரு அலுவலகத்துக்கு அலைந்தாள். கடைசியில் கை கொடுத்தது எது தெரியுமா? ராஜராஜன் இல்லை. அலுலிம் இல்லை. அவளுடைய பூட்டியின் பெயர் இருந்த ஒரு பழைய செக்ரோல் பக்கத்தின் நகல். அந்தப் பூட்டியின் கைநாட்டுக்கு இருந்த மதிப்பு இந்த உலகத்து ராஜாக்கள் யாருடைய முத்திரைக்கும் அன்று இல்லை.

அந்த மாதிரி ரெஜிஸ்டர்கள் ஈரத்திலும் கரையானிலும் போய்க்கொண்டிருக்கின்றன. பாதி எஸ்டேட்டுகள் கை மாறிவிட்டன, சிலது மூடிக் கிடக்கின்றன. ராஜாக்களின் கல்வெட்டைக் காப்பாற்றத் தொல்லியல் துறை இருக்கிறது. நம் செக்ரோலைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்? நாமே அதைக் கேவலமாக நினைத்து மறைக்கிறோம். ‘தாத்தா எஸ்டேட்ல இருந்தார்’ என்று இங்கே பார்ட்டியில் சொல்வோம், கேட்பவர் தாத்தா எஸ்டேட் ஓனர் என்று நினைத்துக்கொள்வார், நாமும் திருத்த மாட்டோம். இந்த மறைப்பில் பிறந்த குழந்தைதான் ஆண்ட பரம்பரைப் பேச்சு. பாட்டி கூலி வாங்கினதைச் சொல்ல வெட்கம், அதனால் பாண்டியனைக் கடன் வாங்குகிறோம்.

இதைச் சங்கத்து நண்பர் ஒருவரிடம் சொன்னேன். “என்ன சார், நம்ம இனப் பெருமையை நீங்களே கெடுக்கிறீங்க. பிள்ளைங்களுக்கு ஒரு வேர் வேணாமா? இந்த ஊர்ல நம்மளை லேபர்னுதான் பார்க்கிறாங்க” என்றார். அவர் சொல்வதில் வலி இருக்கிறது, நான் மறுக்கவில்லை. நம்மை யாரும் சின்னதாகப் பார்க்கும்போது பெரியதாக ஒன்றைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் அண்ணே, லேபர் என்று சொன்னால் அவமானம் என்று நாமும் ஒப்புக்கொண்டால்தானே ராஜா வேஷம் தேவைப்படுகிறது? வேர் வேண்டும்தான். வேர் மண்ணுக்குள் இருக்கும். கிரீடம் தலை மேல் இருக்கும். இரண்டும் ஒன்றா?

வேருக்கு நல்ல உதாரணம் கீழடியே இருக்கிறது. கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை போகும் காலக்கணிப்பு 2019-ல் வெளிவந்தபோது நாம் எல்லோரும் துள்ளினோம், நானும்தான். அங்கே நம்மை அசத்தியது என்ன? செங்கல் கட்டுமானம், உறைகிணறு, தக்களி, தாயக்கட்டை, பானை ஓட்டில் கீறின பெயர்கள். ஆதன், குவிரன் ஆதன். தன் பானையில் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டவர்கள். இதைவிடப் பெரிய பெருமை எந்த மெய்க்கீர்த்தியில் இருக்கிறது?

ராஜராஜனிடமும் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு, வாளைப் பற்றியது இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் அவன் காலத்துக் கணக்கு இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருடைய பெயர், அவர்கள் வீடு எந்தத் தெருவில் என்பதுவரை. ஊர்ச் சபைகளுக்குக் கோயில் பணத்தைக் கடன் கொடுத்து, காசுக்கு வருடத்துக்கு அரைக்கால் காசு வட்டி வாங்கியது. அதாவது பன்னிரண்டரை சதவீதம். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய லோன் லெட்ஜர்! நம் விழாக்களில் யாராவது அந்த நானூறு பேரில் ஒருத்தியின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

சுமேரியாவும் அப்படித்தான். எழுத்தில் நமக்குத் தெரியவரும் மிகப் பழைய பெயர்களில் ஒன்று கூஷிம். உருக் நகரத்துப் பார்லிக் கணக்குப் பலகைகளில், ஐயாயிரம் வருடத்துக்கு முன்னால். அது ஆளின் பெயரா, பதவியின் பெயரா என்று விவாதம் உண்டு. எப்படியானாலும் ராஜா இல்லை, கணக்குப்பிள்ளை. (எங்கள் ஜாதி!) ஊர் நகரத்தில் ஈயா-நசிர் என்ற செம்பு வியாபாரிக்கு, மட்டச் சரக்கைத் தலையில் கட்டுகிறாயா என்று நான்னி என்ற வாடிக்கையாளர் எழுதின கோபக் கடிதம் சுமார் கி.மு. 1750-ஐச் சேர்ந்தது, பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அந்தச் செம்பு இந்தத் தில்முன் வழியாக வந்த வியாபாரம். அப்போது ஊரை ஆண்டது யார் என்று கேட்டால் புத்தகம் புரட்ட வேண்டும். ஈயா-நசிர் உலகம் முழுக்கப் பிரபலம்.

ராஜாக்களே ஒருவரும் ஒன்றும் நல்லது செய்யவில்லையா என்றால், செய்தவர்கள் உண்டு. பட்டியலில் இடம் கொடுக்காத அந்த லகாஷில்தான். உம்மா என்ற பக்கத்து ஊர், லகாஷின் வயலைக் குத்தகைக்கு எடுத்துவிட்டுப் பார்லி பாக்கி வைக்கிறது. வட்டிக்கு வட்டி ஏறி, யாராலும் அடைக்க முடியாத தொகை ஆகிறது. கூட்டு வட்டிக்கு மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று அது, சுமார் கி.மு. 2400. அதற்காகச் சண்டை. ஆனால் அதே ராஜா என்மெட்டேனா, தன் ஊர் மக்களுக்குக் கடன் தள்ளுபடி செய்ததாகவும் எழுதியிருக்கிறான். அதற்குச் சுமேரியர் வைத்த பெயர் அமர்கி. தாயிடம் திரும்புதல் என்று பொருள் சொல்கிறார்கள். கடனுக்கு அடிமையாகப் போன பிள்ளை வீடு திரும்புவது. பின்னால் வந்த உருகாகினா, சாவு வீட்டில்கூட அதிகாரிகள் பிடுங்கியதைக் குறைத்தேன் என்று எழுதினான். ஒரு ராஜாவைக் கொண்டாட வேண்டுமானால் இதற்குக் கொண்டாடுங்கள். 28,800 வருடத்துக்கு வேண்டாம்.

இன்னொரு ராஜா இருக்கிறார், இன்றைக்கும். கட்டப்பனை பக்கம் காஞ்சியாறு பஞ்சாயத்தில் கோவில்மலை. மன்னான் பழங்குடியின் ராஜா. 2012-ல் ராமன் ராஜமன்னான் பொறுப்புக்கு வந்தார். மருமக்கள் வழியில் வரும் பதவி, பெரியவர்கள் ஏற்க வேண்டும். படை கிடையாது, வரி கிடையாது. தன் மக்களின் வழக்குகளைப் பேசித் தீர்ப்பதும் சடங்குகளுக்கு முன் நிற்பதும்தான் வேலை. 2025 குடியரசு தின அணிவகுப்புக்கு டெல்லிக்கு விருந்தினராக அழைக்கப்பட்டார். அவர்கள் பேச்சு தமிழுக்கு நெருக்கம், அவர்களும் மதுரையில் இருந்து வந்த கதைதான் சொல்கிறார்கள். ஆண்ட பரம்பரை ஆட்களே, உங்கள் கணக்குப்படி நம் பக்கத்தில் உயிரோடு இருக்கும் ஒரே ராஜா இவர்தானே? எந்த விழாவிலாவது ஒரு பிள்ளைக்கு இவர் வேஷம் போட்டீர்களா? போட மாட்டீர்கள். ஏனென்றால் அவர் ஆதிவாசி. நீங்கள் தேடுவது ராஜாவை இல்லை. உங்களைவிடத் தாழ்ந்தவர் என்று சொல்லிக்கொள்ள யாரோ ஒருவரை. ஆண்ட பரம்பரைப் பேச்சின் அடியில் எப்போதும் இந்தச் சரக்குதான் இருக்கிறது. எந்த ஜாதி அதைப் பேசினாலும் சரி.

2015 செப்டம்பரில் மூணாறில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? போனஸைப் பத்து சதவீதமாகக் குறைத்ததும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை. எந்த யூனியன் தலைவரையும் பக்கத்தில் விடவில்லை. ஒன்பதாவது நாள் இருபது சதவீதம் வாங்கிக்கொண்டு எழுந்தார்கள். அந்த அக்டோபரில் 232 ரூபாயாக இருந்த தினக்கூலி 301 ஆனது. கேட்ட 500 கிடைக்கவில்லை. ஆனால் மலையே அசைந்தது. நம் வம்சத்தில் எழுதி வைக்க வேண்டிய போர் அதுதான். அதில் நம் சித்திமாரும் மதினிமாரும் இருந்தார்கள்.

கடைசியாக, திட்டிவிட்டு மட்டும் போகாமல் மூன்று விஷயம் கேட்கிறேன்.

1. இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். செக்ரோல் நகல், பழைய ரேஷன் கார்டு, பள்ளிக்கூட டி.சி., பி.எஃப். சீட்டு, எது இருந்தாலும் போட்டோ எடுத்து இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். எஸ்டேட் ஆபீஸில் தெரிந்தவர் இருந்தால் பெரியவர்கள் பெயர் வரும் பக்கத்துக்கு நகல் கேளுங்கள். நாளைக்கு உங்கள் அண்ணன் மகளுக்கு அது உதவும்.

2. பாட்டி இருந்தால் உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எந்த ஊரில் இருந்து, யாரோடு, எந்த வழியாக மலை ஏறினார்கள் என்று. ராஜாக்களுக்கு மெய்க்கீர்த்தி எழுத ஆள் இருந்தது. பாட்டிக்கு நாம்தான்.

3. அடுத்த மாறுவேடப் போட்டியில் ஒரே ஒரு பிள்ளைக்காவது கொழுந்துக்கூடை மாட்டி விடுங்கள். நடுவர்கள் பரிசு கொடுக்கிறார்களா என்று பார்ப்போம்.

நாம் ஆண்ட பரம்பரை இல்லை. ஆண்டவர்கள் எல்லோரும் போன பிறகும் வேலைக்கு வந்து பெயர் கொடுத்த பரம்பரை. அந்தப் பெயர்கள் அழியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பி.கு.: எங்கள் ஊருக்கு ராஜாவே கிடையாது என்று யாரும் நினைக்க வேண்டாம். அரிக்கொம்பன் என்ற யானை பல வருடம் ஆட்சி செய்தது. வரியாக அரிசியைத்தான் வாங்கும், பன்னியார் ரேஷன் கடையை உடைத்து. 2023 ஏப்ரல் 29-ல் மயக்க ஊசி போட்டு நாடு கடத்தினார்கள். ஒரு செப்பேடுகூட விட்டுப் போகவில்லை.